சலதாரையிற் செல்லும் வெப்பம்

செலவான பொருள் அழிந்துபோயிற்றென்று கூறுதல் உலக வழக்கு. வெப்பத்திற்கு இக்கூற்றுப் பொருந்தாது. வெப்பம் அழிவதில்லை, சூடு மிக்க பொருளினின்று சூடு குறைந்த பொருளுக்குச் சென்று பரந்துவிடுகின்றது. ஆதலின், அது செல்லும் வழியை அறியின், ஒரு பகுதியை மீட்டலுங் கூடும். குளித்துக் கழித்த வெந்நீரைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. நம் இல்லங்களின் கொடியடுப்பே இதற்குச் சான்று. சோற்றுப்பானையைத் தீண்டியபின் எஞ்சிய அனல் உள்வழியே சென்று பக்கத்துப் பானையையுஞ் சூடாக்குகின்றது. தனி விறகு வேண்டாது கிடைக்கும் அவ்வெந்நீர் மீட்ட வெப்பமேயாம். பொள்ளாச்சி வட்டாரத்துத் தோப்பு வீடுகளில் தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் எரித்து அண்டாவில் வெந்நீர் காய்ச்சுவர். அந்நீர் சலதாரைக்குக் கொண்டுசெல்லும் வெப்பத்தையோ கருதுவாரிலர்.

ஒருவர் 40 லிட்டர் நீரிற் குளிப்பதாகக் கொள்வோம். 25 பாகைச் சூடுள்ள தண்ணீரை 40 பாகைக்கு உயர்த்த 600 கிலோ கலோரி வேண்டும். மின்சாரத்தில் அஃது ஏறத்தாழ 0.7 யூனிட். குளித்த நீர் 35 பாகையில் வெளியேறுமாயின், 400 கிலோ கலோரி அதனுடன் போகின்றது. அஃதாவது, மூன்றில் இரண்டு பங்கு சலதாரைக்கே செலவாகின்றது.

இதனை மீட்குங் கருவி எளியது. செங்குத்தாக நிறுத்திய செம்புக் கழிநீர்க் குழாயைச் சுற்றி, மெல்லிய செம்புக் குழாயொன்றை நெருக்கமாகச் சுற்றுவர். கழிநீர் உட்சுவரை ஒட்டி மென்படலமாக வழியும். புதுநீர் சுற்றுக்குழாயிற் கீழிருந்து மேலேறும். இரண்டுங் கலப்பதில்லை, செம்பு வெப்பத்தை மாத்திரங் கடத்தும். எதிரெதிராக ஓடுவதால், புதுநீர் வெளிவருமுன் மிகச் சூடான கழிநீரைச் சந்திக்கின்றது. கிடைக்கும் வெப்பத்திற் பாதியை மீட்பினும் புதுநீர் 30 பாகையாகும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கனடாவின் ஒன்றேரியோ மாகாணம் 2017ஆம் ஆண்டின் கட்டட விதிகளிற் புதுவீடுகளுக்கு இக்கருவியைச் சேர்த்தது.

எனினும், இது நமக்கு அப்படியே பொருந்துமோ? அண்டாவில் முன்னரே காய்ச்சி, மொண்டு குளிக்கும் வீட்டில், கழிநீர் ஓடும்பொழுது புதுநீர் ஓடுவதில்லை. இரண்டும் ஒருங்கே ஓடினாலன்றி இக்கருவி பயன்படாது. மேலும், இங்குள்ள தண்ணீர் மிகக் குளிர்ந்ததன்று. ஒரு குடும்பத்தின் மிச்சம் செம்பின் விலையை ஈடுசெய்ய நெடுங்காலஞ் செல்லும்.

மாணவர் விடுதியின் நிலை வேறு. 60 பேர் தூவுகுழாயில் ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பின், நாடோறும் 12,000 கிலோ கலோரி, ஏறக்குறைய 14 யூனிட், மீளும். வால்பாறை போன்ற மலையூர்களிற் பயன் இன்னும் மிகும். தண்ணீர் 15 பாகையாயின், முற்கூறிய முறையில் ஒருவர்க்கு வேண்டும் 1,000 கிலோ கலோரியில் 400 மீளும். அங்கு மிச்சமாவது பணம் மட்டுமன்று. தலைச்சுமையாக விறகு கொணரும் பெண்களின் உழைப்பும், ஆனைமலைக் காட்டின் மரமுமாம்.

புறக்கடை வாழைக்குப் பாயும் நீரில் ஒரு துளியுங் குறையாது. குறைவது அதன் சூடு மாத்திரமே. ஆகலின், புதிய விடுதி கட்டுவோர் குளியலறைக் குழாய்களை அமைக்குமுன் இக்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக. சுவர் எழுந்தபின் இதனைச் செய்தல் அரிது; முன்னரே எண்ணிச் செய்தல் எளிது.