சீலை மாற்றியும் எண்ணெய் கசிவது ஏன்?

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையோரம் லாரி நின்றுபோன இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மண்ணில் கறுப்பாக எண்ணெய்த் திட்டு கிடக்கும். ஆயில் சீல் தேய்ந்துவிட்டது என்பார்கள். புதிய சீல் போட்ட மறு மாதமே மீண்டும் கசிந்தால்?

கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். எரிபொருள் எரியும்போது வாயுவில் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே கிராங்க் பெட்டிக்குள் இறங்கிவிடுகிறது. புத்தம் புதிய எஞ்சினிலும் இது உண்டு. இவ்வாயு வெளியேறுவதற்காகவே 'பிரீதர்' என்னும் சுவாசக் குழாய் இருக்கிறது. எண்ணெய் ஆவி, நீராவி, தூசி எல்லாம் களியாகத் திரண்டு அதை அடைத்துக்கொண்டால்? குக்கரின் ஆவித்துளையைப் பருக்கை அடைத்தால் மூடி விளிம்பில் ஆவி கசிகிறதே, அதே கதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினின் மேல்மூடி 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 600 ச.செ.மீ. ஒவ்வொரு ச.செ.மீ.க்கும் 50 கிராம் அழுத்தம் கூடினாலே மூடியை 30 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும்! விளிம்பிலுள்ள கேஸ்கெட்டும், அச்சு முனையிலுள்ள ரப்பர் சீலும் எத்தனை நாள் தாங்கும்?

தேர்ந்த மெக்கானிக் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்துவார். 'புஸ்'ஸென்று சீறினால் முதலில் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்வார். அதன் பிறகும் புகை குமுறி வந்தால் பிஸ்டன் வளையங்களே தேய்ந்திருக்கக்கூடும். அது பெரிய செலவு. (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். சுடு எண்ணெய் தெறிக்கும்.)

இவ்வாயுவில் எரியாத எரிபொருளும் உண்டு. அது காற்றை மாசுபடுத்தும். ஆகவே 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் அதை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கும் வால்வைப் பொருத்தத் தொடங்கினார்கள். இன்றைய கார்களிலும் இவ்வேற்பாடு உண்டு. அந்த வால்வு அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் கசியும்.