செஞ்சியில் எழுத வரும் இளையவருக்கு: ஊரைப் படிப்பதும் எழுதுவதும்

செஞ்சியில் எழுத விரும்பும் இளையவருக்கு முதல் பாடநூல் திருநாதர் குன்று. சிங்கவரம் பக்கத்தில் இருக்கும் அந்தக் குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கேயே இரண்டு நிசீதிகைக் கல்வெட்டுகளும் உள்ளன. உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவியின் நினைவிடத்துக்கு நிசீதிகை என்று பெயர். பழைய கல்வெட்டு 57 நாள் நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கிறது. பிந்தையது 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரரை. சந்திரநந்தியின் கல்வெட்டு ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக உருமாறிய காலத்து எழுத்து அது. ‘ஐ’ என்னும் எழுத்தின் பழைய வடிவம் அதில் வருவதால் தமிழ் எழுத்தின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

அச்சில் வந்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கல்லில் தேடிப் படிக்க அரை நாள் போதும். ஒருவரின் பெயர், அவர் செய்த நோன்பு, நாள் கணக்கு, அந்த இடம் எதற்கானது என்ற செய்தி: கல்வெட்டில் இருப்பது அவ்வளவுதான். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 57 என்ற எண்ணைப் படித்தவர் அந்தப் பாறையை விட்டு எளிதில் எழுந்து வருவதில்லை. விழுப்புரம் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையிலும் இதற்கு இணையான பாடம் ஒன்று உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. எது எது இல்லை என்று சொல்லியே இருப்பதன் அருமையை உணர்த்திவிடுகிறது அது. உரைநடை பழகுபவர் இந்த இரண்டு கல்வெட்டுகளையும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

அடுத்தது தேசிங்கு. செஞ்சிக்காரர் எவரும் அந்தக் கதையைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, கேட்டே வளர்கிறார்கள். எழுத வருபவர் அதைக் கட்டாயம் படித்தாக வேண்டும், அதுவும் இரண்டு முறை, இரண்டு வகையான நூல்களில். ஒன்று, ‘பெரிய எழுத்து’ என்று அச்சிட்டுத் திருவிழாக் கடைகளில் விற்ற தேசிங்குராஜன் கதை. மற்றது, சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாறு. கதைப்பாடலில் டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்குகிறான். மோவத்துக்காரன் என்ற முஸ்லிம் நண்பன் கல்யாணக் கோலத்தோடு போருக்கு வருகிறான். சிங்கவரத்து அரங்கநாதர் போருக்கு விடைகொடுக்க மறுக்கிறார். வரலாற்று நூலில் முகலாயரின் கீழ்ச் செஞ்சியை ஆண்ட சரூப் சிங் 1714இல் இறக்கிறார். கதையில் தேசிங்கு ஆகிவிட்ட மகன் தேஜ் சிங் பொறுப்பேற்கிறார். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேட்டுப் படையெடுக்கிறார். தேஜ் சிங் அதே ஆண்டில் போரில் மடிகிறார். ஒன்றில் தெய்வம் தடுத்தும் கேளாத வீரம், இன்னொன்றில் கப்பத் தகராறு.

இந்த இரண்டில் ஒன்றை உண்மை என்றும் மற்றதைப் பொய் என்றும் தள்ளிவிடுகிற அவசரம் இளம் எழுத்தாளரிடம் இயல்பாகவே வரும். அதற்கு இடம்கொடுக்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் கதைப்பாடல் சொல்வதையும் வலப்பக்கத்தில் ஆவணம் சொல்வதையும் நிகழ்ச்சி நிகழ்ச்சியாக எழுதிவரும்போது நல்ல கேள்விகள் பிறக்கின்றன. எடுத்துக்காட்டாக, சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் 1690 முதல் 1698 வரை இதே கோட்டைக்குள் முகலாயரின் முற்றுகையைத் தாங்கி நின்றார். மராத்திய அரசின் உயிர் அந்த ஆண்டுகளில் செஞ்சியில்தான் இருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. ஆனால் இங்குள்ள மக்கள் பாடிப் பாடி அழுதது எட்டாண்டு நின்ற ராஜாராமுக்காக அல்ல, சில மாதங்களே ஆண்ட இளைஞனுக்காக. ஏன் என்று கேட்டு, அவசரப்படாமல் பதில் தேடுவதே செஞ்சி எழுத்தாளரின் வேலைகளில் தலையாயது. வழிகாட்டிப் பலகையில் இருக்கிற செய்தியை நீட்டி எழுதினால் இந்தக் கேள்வி வராமலே போய்விடும்.

அன்றாட எழுத்துக்கு முன்மாதிரி புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை ஏறியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், ஊரில் என்ன வதந்தி என்று பேச்சுத்தமிழும் அரபு, பாரசீகச் சொற்களும் கலந்த நடையில் எழுதிக்கொண்டே போனார். வணிகர் ஒருவரின் அந்தக் கணக்குப் புத்தி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரபஞ்சனுக்கு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரு நாவல்களாயிற்று. இரண்டாவது நாவல் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவல் எழுதும் ஆசை எல்லாருக்கும் உண்டு. நாள்தோறும் ஐந்து வரி எழுதும் பொறுமைதான் குறைவு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்று நெல் மூட்டை என்ன விலைக்குப் போனது, சங்கராபரணியில் தண்ணீர் வந்ததா, பேருந்து நிலையத்துப் பூக்காரம்மாள் எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பவை அந்த ஐந்து வரிக்குள் அடங்கும். மனநிலையை எழுதுவதைவிடச் செய்தியை எழுதுவது மேல். மனநிலை தானாகவே அதில் வந்து சேரும்.

வாசிப்பு என்றால் தனியே உட்கார்ந்து கண்ணால் படிப்பது என்ற எண்ணம் இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலே மூலக்கோயில் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. அக்னி வசந்த விழாவில் பிரசங்கியார் பகலில் வில்லிபாரதத்தைப் பாட்டாகச் சொல்லி விளக்குவார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். வில்லிபுத்தூரார் நூலை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்காருவதைவிடச் சிறந்த இலக்கிய வகுப்பு இல்லை. பிரசங்கியார் எந்தப் பாட்டைத் தாண்டிப் போகிறார், எங்கே உள்ளூர்ச் செய்தியைச் சேர்க்கிறார், கட்டியக்காரன் எந்த வசனத்தில் பெண்களைச் சிரிக்க வைக்கிறான் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். கோயிலில் காவல் நிற்கும் முஸ்லிம் வீரன் முத்தால ராவுத்தனையும் தேசிங்கு கதையின் மோவத்துக்காரனையும் சேர்த்து நினைப்பவருக்கு, இந்த மண்ணின் கதைகளில் முஸ்லிம் தோழன் எவ்வளவு இயல்பாக இடம்பெற்றான் என்பது புலப்படும்.

தெரியாததைக் கேட்பதில் கூச்சம் கூடாது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ. வே. சாமிநாதையர் சமணக் கருத்துகள் விளங்காமல் தவித்தபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். அவருக்கு உதவியவர்களில் வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். அந்த வீடூர் இன்று சங்கராபரணி அணைக்குப் பெயர்பெற்ற ஊர். நூல் 1887இல் வெளிவந்தது. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் செஞ்சிக்குப் பக்கத்து மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. பேருந்தில் போய்க் கேட்கக்கூடிய தொலைவு.

நூல்களுக்குக் குறைவில்லை. கிளை நூலகத்தில் இல்லாதவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெருமளவு கிடைக்கின்றன. பழைய அச்சு நூல்களுக்குச் சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், சுவடிகளுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் உண்டு. முன்கூட்டியே கடிதம் எழுதி, வேண்டிய நூல்களின் பட்டியலோடு போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எழுதும் மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யையும் தொகுத்தார். செஞ்சியின் பேச்சு தென்னார்க்காடும் வடவார்க்காடும் கலக்கும் இடத்துப் பேச்சு. கடலை பிடுங்கும் கொல்லையிலும் கல்லுடைக்கும் இடத்திலும் புழங்கும் சொற்களை அந்த அகராதியோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றைச் சொன்னவரின் வயது, தொழில், ஊர் ஆகியவற்றோடு குறித்துவைக்கும் வேலை செஞ்சிப் பக்கத்து இளையவர்களுக்காகக் காத்திருக்கிறது.