கேட்டுவிட்டு ஏறு, மருமகனே

அன்பு மருமகன் செந்திலுக்கு,

அத்தை எழுதுவது. உன் மாமாவுக்கு முழங்கால் வலியும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை விடியக் கருக்கலில் வில்லிபுத்தூர் கோபுரம், ஏழு மணிக்குச் செண்பகத்தோப்பு, பத்து மணிக்கு அய்யனார் கோயில் அருவி, ஒரு மணிக்குத் தேவதானம், மூன்று மணிக்குப் பிளவக்கல் அணை. ஞாயிற்றுக்கிழமை சதுரகிரி ஏறி இறங்கி, பால்கோவா வாங்கிக்கொண்டு ராத்திரியே பொதிகை எக்ஸ்பிரஸ். எலெக்‌ஷனுக்கு நிற்கிற வேட்பாளர்கூட ஒரு நாளில் இத்தனை ஊர் சுற்ற மாட்டார். அவராவது ஓட்டுக் கேட்கப் போகிறார். நீங்கள் நாலு பேரும் எதற்காக இந்த ஓட்டம் ஓடப்போகிறீர்கள்?

ஒரு மணிக்குத் தேவதானம் போனால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். மத்தியானம் நடை சாத்திவிட்டுக் குருக்களும் வீட்டுக்குப் போயிருப்பார். போனில் இதைச் சொன்னால் ‘சரி அத்தை, சரி அத்தை’ என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். உன் அப்பனும் அப்படித்தான். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

போன வருஷம் கம்பெனி வேலையாக பார்சிலோனா போனவன், லீவு போட்டுக்கொண்டு பிரெனீஸ் மலைக்குள்ளே வால் தெ போயி என்கிற பள்ளத்தாக்குக்குப் போய்வந்தாயே. தொள்ளாயிரம் வருஷத்துக் கல் சர்ச்சுகள், 2000-ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை என்று படமெல்லாம் காட்டினாய். படத்தைவிட நீ சொன்ன கதைதான் எனக்குப் பிடித்தது. ஏதோ ஒரு குக்கிராமத்தில் கோயில் பூட்டிக் கிடந்ததும், எதிர்வீட்டுக் கிழவியிடம் கையால் ஜாடை காட்டினாயாம். அவள் சாவியை எடுத்துவந்து திறந்துவிட்டு, சுவரில் இருந்த ஒவ்வொரு சித்திரத்தையும் தொட்டும் தொடாமலும் காட்டிக் கதை சொன்னாளாம். பாஷை தெரியாத ஊரிலேயே கேட்டு வாங்கத் தெரிந்தவன், சொந்த ஊருக்கு வரும்போது மட்டும் கூகுள் மேப்பிடம் வழி கேட்கிறாயே, இது என்ன நியாயம்?

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த இடத்துக்குள் காலை வைக்கும் முன்பும், அங்கே இருக்கிற மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அந்தப் பழக்கம் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அய்யனார் கோயிலையே எடுத்துக்கொள். ராஜபாளையத்துக்கு மேற்கே முடங்கியாறு ரோட்டில் போனால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் மலை தொடங்கிவிடும். நீ வருவது மார்கழிக் கடைசி என்பதால் அருவியில் தண்ணீர் இருக்கும். இந்தப் பக்கம் மலையின் மழைமறைவு. கேரளாவில் ஆனி ஆடியில் கொட்டுகிற மழை நமக்குச் சாரலாகத்தான் எட்டிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம் மழை. அப்போது நிறைகிற ஓடையிலிருந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து ராஜபாளையத்துக் குழாய்களுக்கு வருகிறது. நீயும் உன் சிநேகிதர்களும் அருவியில் ஷாம்பு போட்டுக் குளித்தால், அந்த நுரை போய்ச் சேருகிற இடம் அத்தை வீட்டு அண்டா. அதை நினைத்துக்கொண்டு தலையை நனைத்தால் போதும். சீயக்காய் இங்கே வீட்டில் இருக்கிறது. வந்து தேய்த்துக்கொள்ளலாம்.

அங்கே குளிக்கப் போகும்போதுதான் கேட்கிற பழக்கம் உயிரைக் காப்பாற்றும். நமக்கு மேலே வானம் வெளுத்திருக்கும். மலை உச்சியில் மழை பிடித்திருப்பது கீழே தெரியாது. அத்தனை தண்ணீரும் குறுகலான பாறை இடுக்கு வழியாக ஒரே மூச்சில் இறங்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. கொளுத்துகிற கோடை மாதம் அது, கார்த்திகைகூட இல்லை. தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அருவிச் சத்தம் கனத்தால், துண்டை எடுக்கக்கூட நிற்காமல் மேடேறு. காலையிலேயே காட்டிலாகாக்காரரிடம் ‘மேலே மழை உண்டா அண்ணே?’ என்று கேள். ‘இன்றைக்கு விடமாட்டோம்’ என்று சொன்னால் வாக்குவாதம் பண்ணாதே, கூட்டத்தோடு சேர்ந்து வேறு பாதை தேடாதே. அவர் உன்னை வீட்டுக்கு உயிரோடு அனுப்புகிறார் என்று எடுத்துக்கொள்.

செண்பகத்தோப்புக்கு ஒரு முழுக்காலையை ஒதுக்கு. காட்டழகர் கோயிலும் மீன்வெட்டிப் பாறை அருவியும் அந்தப் பக்கம்தான். எந்த நாளில் எதுவரை விடுகிறார்கள் என்பதை முதல் நாளே விசாரித்துவிடு. அது 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயமான காடு. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். புலியைத் தேடி ஜீப் கேட்காதே. அது உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும், உனக்குத் தெரியாது. அணிலைத் தேடு.

நம் வீட்டு முற்றத்து அணில் மாதிரி முதுகில் மூன்று கோடு இருக்காது. உடம்பு சாம்பல் பூத்திருக்கும். உடம்பு நீளத்துக்கு அடர்ந்த வாலைக் கிளையில் தொங்கவிட்டுக்கொண்டு காயைக் கொறிக்கும். தரைக்கு இறங்க அதற்குப் பிடிக்காது. ஒரு மரத்துக் கிளை அடுத்த மரத்துக் கிளையைத் தொடுகிற இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். உச்சியில் இலையும் சுள்ளியுமாக ஒரு உருண்டை தெரிந்தால் அது பருந்துக் கூடு என்று நினைத்துவிடாதே. தென்னிந்தியாவில் சில இடங்களையும் இலங்கையையும் விட்டால் இந்த அணிலுக்கு உலகத்தில் வேறு வீடு இல்லை. அடிவாரத்துப் புளியமரத்திலும் மாமரத்திலும்கூடக் கூடு வைக்கும். அது எந்த மரம் என்று தோப்புக் காவல்காரருக்குத் தெரியும். அவர் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திரு. அரைமணி நேரமானாலும் உட்கார். உனக்கு அது முடியுமா என்று மாமா பந்தயம் கட்டுகிறார். நான் உன் பக்கம் கட்டியிருக்கிறேன், மானத்தை வாங்கிவிடாதே.

வில்லிபுத்தூர் கோயிலைப் பட்டியலில் ‘கோபுரம் – அரைமணி’ என்று போட்டிருக்கிறாய். பதினோரு நிலை, 192 அடிக் கோபுரம் வடபத்ரசாயி கோயிலுடையது. அதைத் தெருவில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நீ உள்ளே போய்ப் படியேறு. பள்ளிகொண்ட பெருமாள் மாடியில்தான் இருக்கிறார். சந்நிதிக்கு முன்னால் இருக்கிற மண்டபத்தில் அண்ணாந்து பார். கூரை முழுக்க மரச்சிற்பம். பிறகு ஆண்டாள் கோயில் பக்கம் வா. நடுவில் இருக்கிற நந்தவனத்தில்தான் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது ஐதிகம். ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்கிற அதே பீடத்தில் கருடனும் நிற்பதைக் கவனி. மற்றக் கோயில்களில் அவர் எதிரே கைகூப்பி நிற்பவர், இங்கே வீட்டுப் பிள்ளை மாதிரி பக்கத்தில் நிற்கிறார்.

ஆண்டாள் இடது கையில் இருக்கிற கிளியை மட்டும் அவசரமாகப் பார்க்காதே. தினமும் புதிதாகக் கட்டுவது அது. மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, வாலுக்கு அரளி மொட்டு, கண்ணுக்குக் காக்காப்பொன், கட்டுவதற்கு வாழைநார். மணிக்கணக்காக உட்கார்ந்து இலையை மடித்து மடித்துக் கட்டுவார்கள். சாயங்காலம் ஆண்டாள் கைக்குப் போகும், மறுநாள் காலையில் யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். அடுத்த கிளிக்கு மறுபடியும் இலை பறிக்கப் போவார்கள். நீ ஆபீசில் ஒரே வேலையைத் தினமும் செய்கிறோமே என்று அலுத்துக்கொள்கிறாயே, அந்தக் கிளிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று யோசித்துப் பார். செருப்பைப் போட்ட இடத்தையும் ஞாபகம் வைத்துக்கொள். சின்ன வயசில் மதுரையில் நீ தொலைத்த செருப்புகளுக்கு ஒரு கடையே வைத்திருக்கலாம்.

பட்டியலில் இல்லாத ஒரு ஊர் சொல்கிறேன். மூவரைவென்றான். மலைப்பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் எடுத்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது. டூரிஸ்ட் பஸ் நிற்காத ஊர். நீ போகிற நேரம் பூட்டியிருந்தால் தெருவில் முதலில் தென்படுகிற பெரியவரிடம் ‘தாத்தா, சாமி கும்பிடணும், யாரைக் கேட்கணும்?’ என்று கேள். ‘சாவி எங்கே?’ என்று எடுத்தவுடன் கேட்காதே. ஊர் பேர், அப்பா பேர், ‘ராஜபாளையத்தில் யார் வீடு?’ எல்லாம் விசாரிப்பார்கள். பொறுமையாகப் பதில் சொல். அந்த விசாரணைதான் நம் ஊரில் நுழைவுச்சீட்டு. தட்டில் காசு போடாமல் வெளியே வராதே. தேவதானத்தை விடச் சொல்லவில்லை. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் தண்ணீர், தென்மலை காற்று. சாயங்காலமாகப் போ, மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரம் நன்றாக இருக்கும்.

ராஜபாளையத்துக்குப் பட்டியலில் ‘தங்கல்’ என்று மட்டும் எழுதியிருப்பதை மாமா மன்னிக்கத் தயாராக இல்லை. 1949 முதல் 1952 வரை மதராஸ் ராஜ்யத்தை ஆண்ட பூ.ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். அவர் தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். பதவியில் இருந்தவர்கள் வீடு சேர்த்த கதைதான் உனக்குத் தெரியும், கொடுத்த கதையையும் ஒருமுறை நேரில் போய்ப் பார். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மாமா சத்திரப்பட்டிக்கும் கூட்டிப்போவார். தெரு நெடுக விசைத்தறிச் சத்தம். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணிதான் எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டுகிறது. நீ பைக்கிலிருந்து விழுந்தபோது முழங்காலில் சுற்றியதும் நம் ஊர்த் துணியாக இருந்தாலும் இருக்கும்.

எதிர்வீட்டில் ராஜபாளையம் நாய் வாங்கியிருக்கிறார்கள். பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. 2005-இல் தபால் தலையில் வந்த ஜாதி. ‘டாகி, டாகி’ என்று கொஞ்சிக்கொண்டு கிட்டே போய்விடாதே. அதற்கு எஜமான் ஒருவர்தான், இங்கிலீஷும் வராது. இங்கேயும் முதலில் வீட்டுக்காரரைக் கேள்.

இன்னும் சில சின்ன விஷயம். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோனால் காலிப் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவா. குரங்குக்கு பிஸ்கட் போடாதே. நீ போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவாய், அது மறுநாள் தோப்புக்காரன் வீட்டு ஓட்டைப் பிரிக்கும். பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடு. அடிவாரத்து மாந்தோப்புகளுக்கு யானை இறங்குகிற நேரம் அது. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதே, அதிலும் ஓடையில் துணி துவைக்கிற பெண்களை எடுக்கவே எடுக்காதே. வழி சொன்னவரிடம் ‘வரேங்க’ என்று சொல்லிவிட்டு நகர். ராத்திரி படுக்கும் முன் அன்றைக்குப் பார்த்த இடத்தின் பேரையும், சொன்னவரின் பேரையும் ஒரு நோட்டில் எழுதிவை. ஐந்து வருஷம் கழித்து போனில் இருக்கிற ஆயிரம் படத்தில் எது எந்த ஊர் என்று உனக்கே தெரியாது.

பால்கோவாவைக் கடைசியில், ரயிலுக்குக் கிளம்பும்போது வாங்கு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றும் இருக்கக் கூடாது. ‘இன்றைக்குக் கிண்டியதா?’ என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கு. கேட்கிற பிள்ளைக்குக் கடைக்காரரும் புதிதாகத்தான் நிறுப்பார்.

கேட்பது கௌரவக் குறைச்சல் என்று உன் வயசுப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ஆபீசில் புரியாததைக் கேட்காமல் ராத்திரி பூராவும் முழித்து நீயாகவே மல்லுக்கட்டுகிறாய் என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். நாளைக்குக் கல்யாணமாகி வருகிறவளிடமும் ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்கத் தெரியாமல், நீயாக ஒன்றை வாங்கிவந்து நீட்டினால் வீடு நடக்காது. மாமா முப்பது வருஷமாக அப்படித்தான் பச்சைப் புடவையாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, பட்டியலில் சதுரகிரியையும் பிளவக்கல்லையும் இந்தத் தடவை அடித்துவிடு. மலை எங்கேயும் போகாது, மாம்பழக் காலத்தில் சப்பட்டை தின்ன வரும்போது அணையைப் பார்க்கலாம். ரயில் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டு, திங்கட்கிழமைக்கு லீவு சொல்லு. நாலு பேரில் யாருக்குக் காரம் ஆகாது, யார் சைவம் என்பதை இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பு. நானும் கேட்டுவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை