மகளை ரவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: ரீச்சர், நாங்கள் மூதூர் கிழக்கில் இருக்கிறோம். மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரம் 3 படிக்கிறாள். அவளோடு படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருகோணமலைக்குப் போய்விட்டார்கள். இப்போது வகுப்பில் பதினொரு பேர்தான். மேல் வகுப்புகளில் கணிதத்துக்கு இரண்டு தவணையாக ஆளில்லை. என் கணவருக்குக் கடற்றொழில். நானும் மகளும் மட்டும் ரவுனில் வாடகைக்கு வீடெடுத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். ஊரிலேயே விட்டால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு என்கிறார்கள் எல்லோரும்.
- ஒரு தாய், மூதூர் கிழக்கு

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள் பிள்ளை. தரம் 5 முடியும்வரை மகள் அங்கேயே படிக்கட்டும்.

ஆரம்பப் பிரிவில் வகுப்பு ஆசிரியர் ஒருவர்தான் எல்லாம். பதினொரு பிள்ளைகள் என்றால் ஒவ்வொரு கொப்பியையும் திருத்த அவருக்கு நேரமிருக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது நடக்காது. மகளிடம் அவள் முன்பு பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்து, வாசித்ததைத் தன் சொல்லில் சொன்னாளானால் அந்த ஆசிரியர் ஒழுங்காகப் படிப்பிக்கிறார். எட்டு வயதில் அதுதான் முக்கியம். தகப்பனை விட்டுப் பிரிந்து, வாடகைக்கும் ரியூசனுக்கும் கடன்பட்டு அதைத் தேடிப் போகத் தேவையில்லை.

மேல் வகுப்பில் கணித ஆசிரியர் இல்லாதது வேறு கதை. அது எனக்கும் மனம் கொதிக்கிற விஷயம். பிள்ளைத் தொகையைப் பார்த்துத்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று ஆளணி போடுகிறார்கள். பத்துப் பிள்ளைகள் ரவுனுக்குப் போனால் அடுத்த கணக்கெடுப்பில் ஓர் ஆசிரியர் 'மேலதிகம்' ஆகிவிடுவார். அவர் மாறிப் போனதும் இன்னும் பத்துப் பேர் வெளிக்கிடுவார்கள். கடைசியில், எங்கும் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அந்த வாங்கில் இருப்பார்கள். அந்தப் பக்கத்துச் சனம் 2006இல் போரால் இடம்பெயர்ந்து கிட்டத்தட்டப் பத்து வருஷம் அலைந்து திரும்பி வந்தது. திரும்பி வந்த ஊரில் பள்ளிக்கூடம் இப்படிக் கரைவதை எப்படிப் பொறுப்பது?

புலமைப்பரிசில் பரீட்சையும் இதற்கு ஒரு காரணம். 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது ஊர்ப்புறங்களில் 54 மத்திய கல்லூரிகளை அமைத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்து, அங்கே விடுதியில் வைத்துப் படிப்பித்தார்கள். ஊர்ப்பக்கம் நல்ல பள்ளிக்கூடம் வரவேண்டும் என்பது அன்றைய எண்ணம். இன்று அதே பரீட்சை, வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளையை ஊரிலிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறது. அதற்காகத் தரம் 3 பிள்ளைக்கே மாதிரி வினாத்தாள் திணிக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அதை இப்போதே தொடங்கிவிடாதீர்கள்.

ஆசிரியர்மார் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரவுனிலிருந்து உங்கள் பக்கம் வருகிற ஒரு ரீச்சர், ஏழரை மணி அடிக்கும்போது வகுப்பில் நிற்க வேண்டுமென்றால் இருட்டோடு எழும்பிச் சமைத்து, கிண்ணியா வழியாகப் பஸ் பிடிக்க வேண்டும். அவருடைய சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேறு யாராவது இருக்க வேண்டும். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த அன்றே அவர் இடமாற்றம் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் சேவைக்காலத்தைச் செய்யாமலே, செல்வாக்கைப் பிடித்து 'தற்காலிக இணைப்பு' என்று ரவுன் பள்ளிக்கூடத்தில் இருந்துகொள்பவர்களை என்னால் நியாயப்படுத்த முடியாது. பட்டியலில் அவர் உங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர். அதனால் வெற்றிடம் என்றும் காட்டமாட்டார்கள், பதிலுக்கு ஆளும் வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள், அது குப்பைக்குப் போகும். மேல் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணிதக் கொப்பியை வாங்கித் திகதிகளைப் பாருங்கள். எந்த மாதத்திலிருந்து எழுத்து நின்றிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை வைத்துப் பேசி, பெற்றோர் கையொப்பத்தோடு மூதூர் வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கொடுங்கள். பிரதியை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். அதிபரோடு பகைக்க வேண்டாம். பெரும்பாலும் அவரும் ஆள் கேட்டுக் களைத்தவராகத்தான் இருப்பார்.

மகள் சாதாரண தரம் எழுதி, விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பி, அந்தப் பிரிவு கிட்டடியில் இல்லையென்றால் அப்போது தாராளமாக ரவுனுக்கு அனுப்புங்கள். பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவதும் அவளுக்கு உதவும்.

ஆசிரியர் இல்லாத பிரச்சினைக்கு இன்னொரு வழியும் உங்கள் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இப்போது கடமையில் இருப்பவர்கள் எத்தனை, எங்கள் பெயரில் சம்பளம் எடுத்துக்கொண்டு வேறிடத்தில் இணைப்பில் இருப்பவர்கள் எத்தனை என்று கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் காரணம் காட்டத் தேவையில்லை. தருகிறார்களா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அடுத்த கடிதத்தை இருவருமாக எழுதுவோம்.