சந்தாதாரர் எண்ணிக்கை தகுதிச் சான்றிதழா?

இணையக் காணொளிகளால் புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகளே மாறிமாறிக் காதில் விழுகின்றன. திறமை இருந்ததால் மேலே வந்தார்கள் என்பது ஒன்று. சரக்கே இல்லாமல் அதிர்ஷ்டத்தில் சம்பாதிக்கிறார்கள் என்பது மற்றொன்று. புகழ் எவ்வாறு திரள்கிறது என்பதைப் பற்றி ஆய்வாளர்களும் நிறுவனங்களும் வெளியிட்டுள்ள செய்திகளை வைத்துப் பார்த்தால், இவ்விரண்டு தீர்ப்புகளிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

நம்பிக்கை: நல்ல காணொளி எப்படியும் மக்களைச் சென்றடையும், சென்றடையவில்லை என்றால் அது தரமற்றது.

இதைச் சோதித்துப் பார்க்க இயலுமா என்ற கேள்விக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டோரைக் கேட்கச் செய்து, பிடித்ததைப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் அறிவித்தார்கள். பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாடல்களின் பெயர்கள் மட்டுமே காட்டப்பட்டன. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் உலகத்தினருக்கும் அந்த உலகத்தில் முன்பு வந்தவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் சேர்த்துக் காட்டப்பட்டது. எல்லா உலகங்களிலும் பாடல்கள் அவையே, தொடக்க எண்ணிக்கையும் பூச்சியமே. தரம்தான் புகழைத் தீர்மானிக்கிறது என்றால் எட்டு உலகங்களிலும் ஏறக்குறைய ஒரே பாடல்கள் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அவ்வாறு நடக்கவில்லை. பிறர் தேர்வு தெரியாமல் கேட்டவர்களின் விருப்பத்தைத் தரத்தின் அளவுகோலாகக் கொண்டால், '52மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' என்னும் பாடல் 48இல் 26ஆவது இடத்தில் நின்றது. ஆனால் அதே பாடல் ஓர் உலகத்தில் முதலிடத்தையும் இன்னோர் உலகத்தில் 40ஆவது இடத்தையும் பிடித்தது. மிகச் சிறந்த பாடல்கள் அநேகமாக அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை அநேகமாக உச்சிக்கு வரவில்லை. இவ்விரு எல்லைகளுக்கு இடையிலிருந்த பெருங்கூட்டத்துக்கோ எதுவும் நேரலாம் என்ற நிலை. பதிவிறக்க எண்ணிக்கையின் வரிசைப்படியே பாடல்களை மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டியபோது வென்றவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் இடையிலான இடைவெளி இன்னும் விரிந்தது, எது வெல்லும் என்று ஊகிப்பது இன்னும் கடினமாயிற்று. பார்வை எண்ணிக்கையைக் காணொளிக்குக் கீழேயே அச்சிட்டுக் காட்டும் இன்றைய தளங்கள் இந்த இரண்டாம் ஏற்பாட்டுக்கே நெருக்கமானவை.

உள்ளவனுக்கே மேலும் சேர்வதாகிய இந்தப் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968ஆம் ஆண்டிலேயே, அறிவியலாளர்களுக்குக் கிடைக்கும் பாராட்டைப் பற்றி எழுதியபோது, 'மத்தேயு விளைவு' என்று விவிலியத்தை ஒட்டிப் பெயரிட்டு விளக்கினார். தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைக்கும் சிறு முன்னிலை, பிறகு தானே ஒரு காரணமாக மாறிவிடுகிறது என்பதே அதன் சாரம்.

நம்பிக்கை: அல்காரிதம் தனக்கு வேண்டியவர்களைத் தூக்கிவிடுகிறது.

அல்காரிதம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஒரு பயனர் அடுத்து எதைப் பார்ப்பார் என்று கணித்து அதை அவர் முன் வைக்கும் பரிந்துரை முறையாகும். யூடியூபின் பொறியாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இம்முறையின் இரு படிநிலைகளை விவரிக்கிறது: லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறு மட்டும் முதலில் சலித்தெடுக்கப்படுகின்றன, அவற்றை அந்தக் குறிப்பிட்ட பயனர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்ற கணிப்பின்படி அடுத்த நிலை வரிசைப்படுத்துகிறது. பார்வை நேரத்துக்கு இவ்வளவு முதன்மை தரப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 2012 வரை சொடுக்குகளின் எண்ணிக்கையே பெரிதும் மதிக்கப்பட்டதால், உள்ளே ஒன்றுமில்லாமல் கவர்ச்சியான முகப்புப் படத்தையும் தலைப்பையும் மட்டும் வைத்து ஆள் பிடிப்பவர்கள் பெருகினார்கள். அதைக் கட்டுப்படுத்தவே அந்த ஆண்டு அளவுகோல் மாற்றப்பட்டது.

இந்த முறைக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அதன் அளவுகோலுக்குத் தரம் என்பதும் தெரியாது. பார்வையாளர் எழுந்து போகாமல் இருந்தாரா என்பதையே அது அளக்கிறது, அவர் தெளிவு பெற்றதால் இருந்தாரா கோபத்தால் இருந்தாரா என்பதை அது நேரடியாக அறியாது. பிற்காலத்தில் பயனர்களிடம் திருப்தியைக் கேட்டறியும் கருத்தாய்வுகள் சேர்க்கப்பட்டதே இக்குறைக்கான ஒப்புதல் எனலாம். யூடியூபில் கழியும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால் வருவது என்று அந்நிறுவனத்தின் உயர் அலுவலரான நீல் மோகன் 2018ஆம் ஆண்டு தெரிவித்தார். எனவே இந்த அளவுகோலுக்கு ஏற்றவாறு தயாரிக்கக் கற்றவர்கள் மேலே வருவது இயல்பே.

மனிதக் கை நுழையவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டிக்டாக் ஊழியர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த காணொளிகளின் பார்வை எண்ணிக்கையை உயர்த்தும் 'சூடேற்றல்' என்ற வழக்கம் இருப்பதை 2023 ஜனவரியில் ஃபோர்ப்ஸ் இதழ் வெளியிட்டது. நிறுவனமும் அதை மறுக்கவில்லை.

நம்பிக்கை: ஒரே காணொளி, ஒரே இரவு, வாழ்க்கையே மாறிவிடும்.

2024 ஜூனில் டி-சீரிஸை முந்தி உலகிலேயே அதிகச் சந்தாதாரர்களைக் கொண்ட யூடியூப் சேனலாக உயர்ந்த மிஸ்டர்பீஸ்ட், அதாவது ஜிம்மி டொனால்ட்சன், 2012இல் பதின்மூன்று வயதில் காணொளி இடத் தொடங்கியவர். ஒன்று முதல் ஒரு லட்சம் வரை வாய்விட்டு எண்ணி, அதற்கு ஏறத்தாழ 40 மணி நேரம் செலவிட்டு, 2017 ஜனவரியில் அவர் வெளியிட்ட காணொளிதான் அவரைப் பரவலாக அறியச் செய்தது. அதற்கு முன் ஐந்தாண்டு உழைப்பு பெரிதாக எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான சான்று புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் உருவான 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. சமையல் தொழிலில் முன்பே கைதேர்ந்தவரான பெரியதம்பி என்ற முதியவரும் அவருடைய பேரன்மாரும் 2018இல் தொடங்கிய இச்சேனல், 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆயிற்று. ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சமையலில் கலந்துகொண்டதே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் 2021 ஜனவரியில் அவர் வந்தபோதே அச்சேனல் பல லட்சம் சந்தாதாரர்களுடன் நாடறிந்ததாக இருந்தது, அவர் வந்ததும் அதனால்தான்.

இச்சேனலின் ஆக்கமுறையைக் கூர்ந்து கவனிப்பது பயனுள்ளது. வயல்வெளியில் திறந்த அடுப்பு, அம்மியில் மசாலா அரைபடும் ஓசை, ஒவ்வொரு பொருளும் உள்ளே விழும்போது அதன் பெயரை உரக்கக் கூவும் குரல், இறுதியில் சமைத்தது முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பரிமாறப்படும் காட்சி: இவற்றில் விளக்கவுரை ஏறக்குறைய இல்லாததால் தமிழ் தெரியாதவரும் தடையின்றிப் பின்தொடர முடிந்தது. இது திறமை. கூடவே காலமும் ஒத்துழைத்தது: 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்து, சிற்றூர் மக்களும் நீண்ட காணொளிகளைக் கணக்குப் பார்க்காமல் காணத் தொடங்கியிருந்த வேளையில் இவர்கள் அடுப்பு மூட்டினார்கள். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு இதையே செய்திருந்தால் இதே கைப்பக்குவத்துக்கு இத்தனை கண்கள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

விடாமுயற்சியே வெற்றி தரும் என்று இக்கதைகளிலிருந்து முடிவு கட்டுவதும் பிழை. தோற்றவர்களை விட்டுவிட்டு எஞ்சியவர்களை மட்டும் எண்ணும் இந்தப் பிழையைப் புள்ளியியலில் 'பிழைத்தோர் சார்பு' என்பர். பத்தாண்டு யூடியூப் தரவுகளை ஆராய்ந்து ஜெர்மன் ஆய்வாளர் மத்தியாஸ் பேர்ட்ல் 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பார்வைகளில் சராசரியாக 85 விழுக்காடு 3 விழுக்காட்டுச் சேனல்களுக்கே சென்றது. மீதமுள்ள 97 விழுக்காட்டில் உழைத்தவர்களே இல்லை என்று எவரும் வாதிட மாட்டார்கள்.

நம்பிக்கை: பார்வை எண்ணிக்கை என்பது பார்த்தவர்களின் எண்ணிக்கை.

ஒருவரே பலமுறை பார்ப்பதும் இதில் சேரும். 2025 மார்ச் இறுதி முதல் யூடியூபில் ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளில், காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது; விரலால் தள்ளிவிட்டுக் கடந்தவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்.

அப்படியானால் இந்தப் புகழுக்கு அவர்கள் தகுதியானவர்களா?

பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981இல் உச்ச நட்சத்திரங்களின் வருமானத்தை ஆராய்ந்து காட்டியது இங்கே பொருந்தும்: ஒரே ஆக்கத்தைக் கூடுதல் செலவின்றி எத்தனை பேருக்கும் வழங்க முடியும்போது, திறமையில் உள்ள சிறு வேறுபாடு வருமானத்தில் மாபெரும் வேறுபாடாகிவிடுகிறது. ஆகவே களத்தில் நிற்கும் தகுதியை இவர்களில் பெரும்பாலோர் உழைத்தே பெற்றார்கள் என்பதும், முதலிடத்துக்கும் ஆயிரமாவது இடத்துக்கும் உள்ள தூரம் அந்த உழைப்பின் அளவைக் காட்டவில்லை என்பதும் ஒருசேர உண்மை. அத்தூரத்தை அவர்கள் எவரிடமிருந்தும் திருடவும் இல்லை. எனவே வசைக்கும் இடமில்லை, வழிபாட்டுக்கும் இடமில்லை.

சமையலிலும் நகைச்சுவையிலும் புகழையே தகுதியாகக் கொள்ளும் குழப்பத்தால் எவருக்கும் தீங்கு இல்லை. மருந்து, பங்குச்சந்தை போன்றவற்றில்தான் அது ஆபத்தாகிறது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, உடல்நலம், நிதி தொடர்பான பொருள்களையும் சேவைகளையும் பரிந்துரைத்து அறிவுரை வழங்கும் இணையப் பிரபலங்கள் அதற்குரிய கல்வித் தகுதியையோ பதிவையோ பெற்றிருப்பதோடு, அதைப் பார்வையாளர் தெளிவாகக் காணும்படி காட்டவும் வேண்டும். அத்தகைய காணொளியைக் காண்பவர் முதலில் தேட வேண்டியது அந்தத் தகுதிக் குறிப்பையே. சந்தாதாரர் எண்ணிக்கையை அதற்கு ஈடாகக் கொள்ள எந்த விதியும் இடம் தரவில்லை.