முள்ளுக்கும் கம்பிக்கும் தாக்குப்பிடிக்கும் சைக்கிள் டயர்: வாங்குமுன் கவனிக்க

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துச் சைக்கிளுக்கு மாறிய எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிடவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரை ரேஸ் சைக்கிளில் போய்த் திரும்பும் இளைஞர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் முறைப்பாடு, "எந்த டயரப் போட்டாலும் காத்துப் போகுது" என்பதுதான். விலை கூடிய டயரைத் தேடிக் கடையேறும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதனால் காற்றுப் போனது என்று தெரியாமல் டயர் மாற்றாதீர்கள். பிரதான வீதியின் ஓரத்தில் நம் டியூபைக் கெடுப்பது எப்போதும் ஆணியல்ல. லொறி, பஸ் டயர்களுக்குள் இருக்கும் மெல்லிய உருக்குக் கம்பி, டயர் வெடித்தும் தேய்ந்தும் துண்டு துண்டாக வீதியில் உதிர்கிறது. நகக்கண் நீளம்கூட இராத அந்தத் துண்டு ரப்பருக்குள் ஏறி நின்றால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். கடற்கரை வீதியில் உடைந்த போத்தல். ஒழுங்கைகளிலும் வயல் பாதைகளிலும் நெருஞ்சி, இலந்தை. வேலி வெட்டிப் போட்ட நாட்களில் விடத்தல் முள்ளும் சேரும். போத்தல் துண்டைத் தடுக்கும் டயர், கம்பியையும் நெருஞ்சியையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் சைக்கிள் அதிகம் ஓடுவது எந்த வீதியில் என்பதுதான் முதற் கேள்வி.

2. குற்றவாளியைப் பிடிக்க ஒரு வழி. புது டயர் மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டிவிடுங்கள். பிறகு காற்றுப் போனால் டியூபைக் கழற்றிக் காற்றடித்துப் பேசின் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, டயரிலும் பெயரிலிருந்து அதே தூரத்தைப் பாருங்கள். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்பது மறந்துபோனால் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அந்த இடத்தில் டயரின் உட்புறத்தைப் பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். வெறும் விரலால் தடவினால் அடுத்த ஒட்டு உங்கள் விரலுக்குத்தான். வெளிப் பக்கமிருந்து சிறு குறடால் அதை இழுத்தெடுக்காமல் புது டியூப் போட்டால், கொஞ்ச தூரத்திலேயே மீண்டும் இறங்கி நிற்பீர்கள். ஒட்டுப் போடுபவரிடம் கொடுத்தாலும், "காக்கா, டயருக்குள்ள என்ன கிடந்திச்சி?" என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

3. டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை இருந்தால் பழி முள்ளில் இல்லை, காற்றில். காற்றுக் குறைந்த டயர் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி இப்படிக் கிழியும். இதற்கு விலை கூடிய டயர் மருந்தல்ல, பம்ப்தான் மருந்து.

4. ஓட்டை டியூபின் உட்புறத்தில், அதாவது ரிம் பக்கமாக இருந்தாலும் டயரைக் குறை சொல்லாதீர்கள். சக்கரக் கம்பிகளின் (ஸ்போக்) தலைகளை மூடும் ரிம் பட்டி விலகியிருக்கும், அல்லது உக்கியிருக்கும். கடல் உப்புக் காற்றில் இரும்பு ரிம் துருப்பிடித்துச் செதிள் கிளம்புவது நம் ஊர்களில் சாதாரணம். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பட்டி போடுங்கள். மலிவான வேலை, பலர் செய்வதில்லை.

5. அளவை அங்குலத்தில் கேட்டால் ஏமாந்து போவீர்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 அங்குல டயரும் ரேஸ் சைக்கிளின் 700சி டயரும் ஒன்றென்று நினைத்து வாங்கிவந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. டயரின் பக்கச் சுவரில் 25-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். ரேஸ் சைக்கிளுக்கு 622. பெரிய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு 635. 26 x 1⅜ டயருக்கு 590, மலைச் சைக்கிளின் 26 அங்குலத்துக்கு 559. இந்த இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். கிட்டத்தட்ட என்பது இதில் இல்லை.

6. அகலம் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள். 23 மி.மீ. டயரில்தான் வேகம் என்பது பழைய எண்ணம். இப்போது உலகப் பந்தயக்காரர்களே 28க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். நம் வீதிக்கு 28தான் என் தேர்வு. அகலம் கூடினால் குறைந்த காற்றிலும் ரிம் தரையில் இடிக்காது, சக்கரம் மணலில் அவ்வளவாகப் புதையாது. ஆனால் பழைய ரேஸ் சைக்கிள் சட்டங்கள் (ஃபிரேம்) சிலவற்றில் 25க்கு மேல் நுழையாது. டயருக்கும் பிரேக்குக்கும், டயருக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

7. உள்ளே என்ன தடுப்பு என்று கேளுங்கள். 'பஞ்சர் புரூஃப்' என்று அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். காற்றடைத்த எந்த டயரும் அந்தப் பெயருக்குத் தகுதியானதல்ல. தடுப்பில் மூன்று வகை உண்டு.

முதலாவது, ஓடும் பகுதிக்குக் கீழே கெவ்லார், வெக்ட்ரான் போன்ற வலுவான இழையில் நெய்த பட்டி. எடை அதிகம் கூடாது, ஓட்டமும் கெடாது. போத்தல் துண்டு வெட்டுவதை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஊசி போன்ற கம்பியும் நெருஞ்சி முள்ளும் இழைகளின் நடுவால் நுழைந்துவிடக் கூடும்.

இரண்டாவது, அந்தப் பட்டியோடு பக்கச் சுவருக்கும் நெசவு கொடுத்தது. கொன்டினென்டல் கேட்டர்ஸ்கின் இந்த வகை. தார் உடைந்த வீதி விளிம்பில் பக்கவாட்டில் உரசிக் கிழிவதற்கு இது நல்ல பாதுகாப்பு. மழை வீதியில் பிடிப்புப் போதாது என்று இதை ஓட்டுபவர்கள் சொல்வதுண்டு.

மூன்றாவது, தடித்த ரப்பர்ப் பட்டியே வைத்தது. ஷ்வால்பே மரத்தன் பிளஸ் டயரில் அந்தப் பட்டி 5 மி.மீ. தடிப்பு. கம்பியோ முள்ளோ டியூபைத் தொடும் முன் அந்த 5 மி.மீற்றரைத் தாண்ட வேண்டும். இதற்கு விலை எடையில்: பந்தய டயர் ஒன்று 220 கிராம் அளவில் இருக்க, இது அரைக் கிலோவைத் தாண்டும். மிதிக்கும் கால் அதை உணரும்.

வேலைக்கும் கல்லூரிக்கும் ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு மூன்றாவது. காலையில் வேகமாக ஓடித் திரும்புகிறவருக்கு இரண்டாவது. முதலாவது போட்டிக்காரருக்குப் போதும்.

8. 'கெவ்லார்' என்ற சொல்லைக் கண்டவுடன் மயங்காதீர்கள். மடித்துப் பெட்டியில் விற்கும் டயர்களில் இரும்புக் கம்பி விளிம்புக்குப் பதிலாக அந்த இழை விளிம்பில் இருக்கும். அது டயரை மடிக்க உதவுமே தவிர முள்ளைத் தடுக்காது. விளிம்பிலா, ஓடும் பகுதிக்குக் கீழேயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

9. கடை வாசலில் தொங்கும் டயரை வாங்காதீர்கள். வெயிலும் கடற்காற்றும் பட்ட ரப்பர் ஓடாமலேயே கிழடாகிவிடும். பக்கச் சுவரை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால், கழிவு விலைக்குத் தந்தாலும் வேண்டாம். உள்ளே பொதியோடு இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

10. மேலே ஆழமான வெட்டு வரிகள் இருந்தால் முள் ஏறாது என்பது தவறு. தார் வீதிக்கு வழவழப்பான டயரே போதும். வெட்டுகளுக்குள் சிறு கற்களும் போத்தல் தூளும் மாட்டிக்கொண்டு, ஓட ஓட உள்ளே இறங்கும்.

11. ஒரு நல்ல டயருக்குத்தான் கையில் காசு என்றால் பின் சக்கரத்துக்குப் போடுங்கள். பாரம் அங்கேதான் அதிகம். முன் சக்கரம் கிளப்பிவிடும் துண்டு பின் சக்கரத்தில் ஏறுவதும் உண்டு. அதற்காகத் தேய்ந்த டயரை முன்னுக்கு மாற்றிவிடாதீர்கள். பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும். முன் டயர் வெடித்தால் ஆள் விழுவார்.

12. காற்று அளவு. 65 முதல் 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பி.எஸ்.ஐ., 28இல் 65 முதல் 75, 32இல் 50 முதல் 60 வரை வைத்துப் பார்த்து, உடலுக்கும் வீதிக்கும் ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். பின்னுக்குச் சற்றுக் கூடுதல். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். கல்லுப் போல் அடித்தால் முள் ஏறாது என்று சிலர் நினைக்கிறார்கள். விறைத்த டயர் கூரிய துண்டின் மேல் வளைந்து கொடுக்காது, துண்டுதான் உள்ளே போகும். மெல்லிய டயரில் காற்றுத் தானாகவே இறங்கும், வாரம் ஒரு முறையாவது அளந்து பாருங்கள். மானி உள்ள கால் பம்ப் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் நல்ல முதலீடு. பெற்றோல் ஷெட் காற்று மோட்டார் வாகனத்துக்கானது. ஒல்லி டயருக்கு ஓரிரு நொடியிலேயே அளவு மீறிவிடும்.

13. மற்ற உபாயங்கள். டயருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டி முள்ளைத் தடுக்கும். ஆனால் அதன் ஓரமே நாளடைவில் டியூபை அறுக்கும். பழைய டியூபை வெட்டி உள்ளே வைப்பது பெரிய சைக்கிளுக்குச் சரி, ஒல்லி டயருக்கு இடமில்லை. டியூபுக்குள் ஊற்றும் ஒட்டுத் திரவம் சிறு ஓட்டையை அடைக்கும். நம் வெயிலுக்குச் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் இடைக்கிடை ஊற்ற வேண்டும். காற்றே இல்லாத கெட்டி டயர் ரேஸ் சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம், இடுப்பு போய்விடும்.

14. வாடைக் காற்றோடு மழை தொடங்கும் மாதங்களில் கூடுதல் கவனம். நனைந்த ரப்பரைப் போத்தல் துண்டு இலகுவாக வெட்டும். வீதி ஓரக் குப்பையையெல்லாம் வெள்ளம் நடுவீதிக்குக் கொண்டுவந்து போடும். கிட்டங்கித் தாம்போதி மேலால் வெள்ளம் பாயும்போது சைக்கிளோடு இறங்க நினைக்காதீர்கள். வற்றிய பிறகும் சில நாட்கள் அங்கே நடுப்பாதையால் மெதுவாகவே போங்கள்.

15. ஓடிவிட்டு வந்தவுடன் சக்கரத்தைக் கையால் சுற்றி டயரின் மேற்பரப்பைப் பாருங்கள். பல துண்டுகள் ஏறிய அன்றே டியூபைத் தொடுவதில்லை. ஓட ஓடத்தான் உள்ளே இறங்கும். அதற்குள் ஊசி முனையால் தோண்டி எடுத்துவிட்டால் ஓர் ஒட்டு மிச்சம். நெருஞ்சி அப்படியில்லை. அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடியே கிடக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் சைக்கிள்காரர்களை அழவைப்பது இதே செடிதான். காய்ந்த காய் தைத்திருந்தால் உடனே பிடுங்காதீர்கள். முள்தான் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கோ கடைக்கோ போய்ப் பிடுங்குங்கள்.

16. பையில் இருக்க வேண்டியவை: ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், சிறு பம்ப், ஒட்டுகள், திறக்காத சொலூஷன். திறந்த சொலூஷன் தேவைப்படும் நாளில் காய்ந்திருக்கும். பூசியதும் ஒட்டிவிடாமல் ஈரப் பளபளப்பு மறையும் வரை பொறுங்கள். அவசரத்தில் ஒட்டிய ஒட்டுத்தான் கழன்று வரும். டயரே கிழிந்துவிட்டால் காலியான பற்பசைக் குழாயில் ஒரு துண்டு வெட்டி உட்புறம் வைத்து வீடு வந்து சேரலாம். சிலர் ரூபாய்த் தாளை மடித்து வைப்பார்கள். பற்பசைக் குழாய் அதைவிட மலிவு. அக்கரைப்பற்றுக்கு அப்பால் திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் போகிறவர்கள் இரண்டு டியூப் கொண்டு போங்கள். அந்தப் பக்கம் கடையில்லாத நீட்டு வீதி இருக்கிறது.

17. ரேஸ் சைக்கிள் இல்லாதவர்களுக்கு: பழைய லுமாலாவில் மீன் வாங்கவும் பள்ளிக்குப் போகவும் வெளிநாட்டு டயர் எதற்கு? டி.எஸ்.ஐ. போன்ற உள்நாட்டு டயரும் புது ரிம் பட்டியும் ஒழுங்கான காற்றும் போதும்.

18. கழற்றிய பழைய டயரை வளவில் போட்டு வைக்காதீர்கள். அதற்குள் தேங்கும் கொஞ்ச மழைத் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும். நுளம்பு பெருக இடம் வைப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும் வரை காத்திராமல் துண்டு துண்டாக வெட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். வெட்ட முடியாவிட்டால் மழை படாத கூரைக்குக் கீழே வையுங்கள்.