மக்கள் தொடர்பு என்னும் பணி

மக்கள் தொடர்பு என்றால் இனிக்கப் பேசுதல், பத்திரிகைக்காரருக்கு விருந்து வைத்தல் என அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். குற்றத்தை மூடி மறைக்கும் வேலை என்பாரும் உளர். இரண்டும் பிழை.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் அறிவோம். நொய்யலில் கலந்த சாயநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலத்தையும் கிணற்றையும் கெடுத்திருந்தது. கிணற்று நீரே சாட்சி சொல்லும்போது எந்த அறிக்கை எடுபடும்? கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையே பட்டறைகளுக்கு வழி திறந்தது.

வெளியே பேசுவது இப்பணியில் சிறுபகுதி. வெளியார் சொல்லும் குறையை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பகுதி. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வியாபாரி பருத்தியை அள்ளிப் பார்த்து ஈரம் என்றால், அவரோடு வாதாடாமல் அச்செய்தியை அன்றே விவசாயிக்கு எட்டச் செய்யும் சங்கச் செயலாளர் இப்பணியைத்தான் செய்கிறார். விருந்துச் செலவும் இல்லை.